முதல் வேலையிலிருந்து சொல்லுங்கள்

நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்ததும் நான் கேட்கும் கேள்வி சிலருக்கு எரிச்சலூட்டும்: "முதன்முதலில் என்ன வேலைக்குப் போனீர்கள்?"

"இப்போது கணக்கு எழுதுகிறேன் டாக்டர், தூசியே கிடையாது" என்பார்கள். இப்போது இல்லை, சரி. இருபது வயதில்? பேச்சுக் கொடுத்தால்தான் கல் அறுக்கும் பட்டறையோ, கட்டடம் இடித்த வேலையோ வெளியே வரும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த வேலையே மறந்துபோயிருக்கும். ஆலைப் பக்கமே போகாத பெண்களுக்கும் அது வந்திருக்கிறது. கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்தவர்கள் அவர்கள்.

கல், கான்கிரீட் அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசியில் கண்ணுக்குத் தெரியாததுதான் மோசம். பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு போய்விடும். சில மைக்ரான் அளவுள்ளது காற்றுப்பைவரை இறங்கிவிடும். அங்கே அதை விழுங்கும் தற்காப்பு செல் செத்துப்போக, துகள் வெளியே வந்து அடுத்த செல்லுக்குள் போகும். இப்படியே தழும்பு கூடுவதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது முற்றலாம். காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும், புற்றுநோய் அபாயமும் கூடும். சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருப்பதுண்டு. இளம் தொழிலாளர்கள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதைத் தடை செய்தது.

கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது இதற்கு உதவாது. தண்ணீர் விட்டு அறுப்பதும், தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதும்தான் முதல் வேலை. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் அப்புறம்தான். தாடி இருந்தால் அதுவும் உட்காராது.

"சிகரெட்டைத் தொட்டதே இல்லை" என்று நிம்மதியடைவோரும் உண்டு. டீசல் புகையை 2012இலும், மாசடைந்த வெளிக்காற்றை 2013இலும், வெல்டிங் புகையை 2017இலும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துவிட்டது. புகைபிடித்தவர் என்றாலோ, பழியெல்லாம் சிகரெட்டுக்கே போய்விடும். வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் ஆத்திரம். கல்நாரும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகிறது.

அதனால் மருத்துவரிடம் வரும்போது, பார்த்த வேலைகளை வரிசையாக எழுதி வாருங்கள்: எத்தனை ஆண்டு, என்ன பொருள், தூசியா, புகையா என்று. இருமலும் இழுப்பும் விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடினால் அதையும் சொல்லுங்கள். தொழில்சார் ஆஸ்துமாவை நாங்கள் சந்தேகிப்பதே பெரும்பாலும் அதை வைத்துத்தான்.