ஆளில்லாமலே தயாராக நிற்கும் தீயணைப்பு நிலையம்

இரவு இரண்டு மணி. சின்ன ஊர் ஒன்றின் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் யாரும் இல்லை. அதன் வீரர்களான தச்சரும் ஆசிரியையும் கடைக்காரரும் அவரவர் வீட்டில் தூங்குகிறார்கள். பேஜர் என்ற சிறிய அழைப்புக் கருவி அலறினால் எழுந்து ஓடிவர வேண்டும். வந்து சேரவே சில நிமிடங்கள் போய்விடும். அதற்குமேல் ஒரு விநாடிகூட வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் அப்படி அமைந்திருக்கிறது.

முதலில் வண்டியைப் பார்ப்போம். மேலிருந்து ஒரு மின்கம்பியும் மெல்லிய காற்றுக்குழாயும் இறங்கி அதில் மாட்டியிருக்கும். மின்கம்பி பேட்டரிக்கு. காற்று எதற்கு? கனரக வண்டிகளில் பிரேக்கை விடுவித்து வைத்திருப்பதே காற்றழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விரிந்து சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பல நாள் சும்மா நின்ற வண்டியில் காற்று மெல்லக் கசிந்திருந்தால், இன்ஜினை ஓடவிட்டு அழுத்தம் ஏறும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் ஒரு சிறிய கம்ப்ரஸர் ஆளில்லாத நேரத்திலும் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பியதும் பிளக் தானாகவே கழன்று விழும்.

சுவரோரத்தில் உடைகள். பூட்ஸைச் சுற்றிக் கால்சட்டையைச் சுருட்டி இறக்கி வைத்திருப்பார்கள். காலை உள்ளே விட்டு, மேலே இழுத்து, வாரைத் தோளில் போட்டால் முடிந்தது. அந்த உடைக்கு மூன்று அடுக்கு. வெளியே அராமிட் என்ற, வெப்பம் தாங்கும் செயற்கை நார்த் துணி. நைலான் உருகி ஒட்டும்; இது உருகாமல் கருகும். நடுவில் ஒரு சவ்வு, வெளித் தண்ணீரைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிறது. உள்ளே மெத்தென்ற அடுக்கு. அதன் இழைகளுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றுதான் வெப்பத்தைப் பெருமளவு தடுக்கிறது. வெயில் பட்டால் அராமிட் வலுவிழந்துவிடும் என்பதால் நல்ல நிலையங்களில் உடைகளை வெயில் எட்டாத அறையில் வைக்கிறார்கள்.

அந்த அறைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய துவைக்கும் இயந்திரம் இருக்க வேண்டும். தீயணைப்புத் தொழிலே புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. கரி படிந்த உடை வீரரின் காரில் ஏறி, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. புது வண்டி வாங்குவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது இந்த இயந்திரத்தின்மேலும் காட்டலாம்.

முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். 6.8 லிட்டர் சிலிண்டருக்குள் 300 பார் அழுத்தத்தில் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலச் சுமார் 300 மடங்கு) ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்றை அடைத்திருப்பார்கள். ஏணியேறி, தண்ணீர் பீய்ச்சும் ஹோஸை இழுத்து, மூச்சிரைக்க வேலை செய்பவருக்கு அது அரை மணி நேரம் வந்தால் பெரிது. நிரப்பும் கம்ப்ரஸர், காற்றிலுள்ள எண்ணெயையும் ஈரத்தையும் வடிகட்டிவிடும். ஈரம் ஏன் ஆகாது? அழுத்தம் தளர்ந்து விரியும் காற்று கடுமையாகக் குளிரும். துளி ஈரம் இருந்தாலும் வால்வுக்குள் பனியாக உறைந்து அடைத்துவிடலாம்.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான் இறுக்கமானது. நிமிடத்துக்கு 400 லிட்டர் பீய்ச்சினால், 2,000 லிட்டர் தொட்டி ஐந்தே நிமிடத்தில் காலி. பிறகு குளத்தையோ ஆற்றையோ தேட வேண்டும். வண்டியின் பம்பு தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளத் தெரியாது. ஆகவே முதலில் உறிஞ்சுகுழாயிலுள்ள காற்றை வேறொரு சிறு பம்பு வெளியேற்றும். அதன்பின் தண்ணீரை மேலே ஏற்றுவது வளிமண்டல அழுத்தம். கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே திணறும். மற்ற ஹோஸ்களைப் போல் இந்தக் குழாயும் துவண்டால் வெளிக்காற்று அதை நசுக்கிவிடும். அதனால்தான் இது மட்டும் விறைப்பாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய நிலையங்களின் கோபுரம். மணி கட்டுவதற்கானது போலத் தோன்றும்; உண்மையில் அது ஹோஸ் காயவைக்கும் இடம். 20 மீட்டர் ஹோஸை நடுவில் பிடித்துத் தொங்கவிட்டால் பத்து மீட்டர் உயரம் வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நெசவு இற்றுப்போகும், பருத்தி ஹோஸ் என்றால் இன்னும் சீக்கிரம்.

தீயை அணைத்துவிட்டு விடியற்காலையில் திரும்புகிறவர்கள் உடனே படுக்கப் போவதில்லை. நனைந்த ஹோஸைக் கழுவி மேலே ஏற்றி, உலர்ந்ததை வண்டியில் அடுக்கி, சிலிண்டர்களை நிரப்புகிறார்கள். கடைசியாக யாரோ ஒருவர் மின்கம்பியையும் காற்றுக்குழாயையும் வண்டியில் மாட்டிவிட்டு விளக்கை அணைக்கிறார். ஆசிரியைக்குப் பள்ளி தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.