குதிரைசக்தி அல்ல, குதிரைத்திறன்

போன மாதம் மாடித் தொட்டிக்கு ஒரு மோட்டார் வாங்கினோம். கூட வந்த தமிழ்க் கையேட்டில் முதல் வரி: "மோட்டார் சக்தி: 1 குதிரைசக்தி". பக்கத்தைத் திருப்பினால், "சக்திச் செலவு: மணிக்கு 1.1 கிலோவாட்". இந்த இரண்டு சக்தியும் ஒன்றா, வேறா? படிக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கையேட்டில் சக்தி ஆகியிருப்பது ஆங்கிலத்தின் பவர் (power). அந்தச் சொல், 'இயலுதல்' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சக்தியின் வடமொழி வேரான 'சக்' என்பதற்கும் அதே பொருள்தான். மொழிபெயர்ப்பாளர் கை நேரே சக்திக்குப் போவது அதனால்தான். ஆனால் இயற்பியலில் பவர் என்பது இயலுமா என்ற கேள்வியே அல்ல, எவ்வளவு விரைவில் என்ற கேள்வி. செய்த வேலையை, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் வருவது. வேலையின் அலகு ஜூல்; நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் திறன் என்கின்றன. வேலை செய்ய இயலும் தன்மையை ஆற்றல் என்கின்றன. 'ஆற்று' என்றாலே செய் என்றுதான் பொருள். இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

எங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர், அதாவது 1,000 கிலோ; 12 மீட்டர் உயரம்; புவியீர்ப்பு முடுக்கம் 9.8. 1,000 × 9.8 × 12 = 1,17,600 ஜூல் வேலை. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். இழப்புகளை விட்டுவிட்டால் சுமார் 158 நொடியில் தொட்டி நிறையும். அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு 315 நொடி. தண்ணீர் அதே தண்ணீர், ஏறிய உயரமும் அதே, செலவான ஆற்றலும் அதே. மாறியது திறன் ஒன்றுதான். ஜேம்ஸ் வாட் குதிரையை அளவுகோலாக்கியபோதும், நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு (ஒரு பவுண்டு எடையை ஓரடி தூக்கும் வேலை ஓர் அடி-பவுண்டு) என்று நேரத்தைச் சேர்த்தே சொன்னார். சக்தி என்ற சொல்லில் அந்த நிமிடம் காணாமல் போகிறது.

இலங்கைப் பாடநூல்களில் ஆற்றலுக்குச் சக்தி என்றும் திறனுக்கு வலு என்றும் எழுதுகிறார்கள். அதில் எனக்குக் குறையே இல்லை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, குழப்பமில்லை. இங்கே பாடநூலுக்கு வெளியிலோ ஆற்றலுக்கும் சக்தி, திறனுக்கும் சக்தி, விசைக்கும்கூடச் சக்தி. திறன் என்றால் திறமை என்று எடுத்துக்கொள்வார்களே என்கிறார்கள் சிலர். மூக்குக் கண்ணாடியின் பவரையும் லென்சின் திறன் என்றுதான் பள்ளியில் படித்தோம், யாரும் குழம்பவில்லை. உள்ளிட்டதில் எவ்வளவு பயனாகிறது என்பதற்குப் பயனுறுதிறன் என்று தனிச்சொல்லே உண்டு.

எல்லாப் பவரும் திறன் என்று நான் சொல்லவில்லை. பவர் கட் மின்தடை, எண்ணின் பவர் அடுக்கு, ஆட்சியாளரின் பவர் அதிகாரம். இடம் பார்த்துச் சொல் எடுப்பதுதானே மொழிபெயர்ப்பு?

அந்த "மணிக்கு 1.1 கிலோவாட்" இன்னும் மோசம். வாட்டுக்குள்ளேயே நொடி இருக்கிறது. அதன்மேல் எதற்கு மணி? மோட்டாரின் மின்திறன் 1.1 கிலோவாட். ஒரு மணி நேரம் ஓடினால் 1.1 கிலோவாட்-மணி, அதாவது மின்கட்டணத்தில் ஏறும் 1.1 யூனிட். அது ஆற்றல், ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல்.