என்ஜின் காட்டும் பூஜ்யம் உங்கள் டிரா அல்ல

என் செஸ் மாணவர்களிடமிருந்து இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது ஆட்டத்தாள் (நகர்த்தல்களை எழுதி வைக்கும் தாள்). யானை எண்ட்கேம் (ராஜா, சிப்பாய்களுடன் யானைகள் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்), டிரா செய்திருக்க வேண்டிய நிலை, தோல்வி. "அலசிப் பார்த்தாயா?" என்று கேட்டால், "பார்த்தேன் சார், 61ஆவது நகர்த்தலில் தவறு" என்று உடனே பதில் வருகிறது. ஆட்டத்தை அலசும் கணினி நிரலான என்ஜினை ஓடவிட்டு, அது பிழை என்று சிவப்பில் காட்டிய இடத்தைப் பார்த்ததற்கு அலசல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த 61ஆவது நகர்த்தலைப் பலகையில் வையுங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). வெள்ளைக்கு ராஜா எஃப்6, சிப்பாய் எஃப்5, யானை ஏ7. கறுப்புக்கு ராஜா எஃப்8, யானை எஃப்1. நகர்த்த வேண்டியது கறுப்பு. அடுத்து வெள்ளை யானை ஏ8க்கு வந்தால் மேட், ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. ராஜா ஒதுங்க ஜி8, இ8 என இரண்டே கட்டங்கள். மாணவர் இ8க்குப் போனார், தோற்றார்.

ஏன் போனாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ட்கேமில் ராஜா நடுவில் இருப்பதுதானே நல்லது" என்றார். நோய் இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. எந்த என்ஜினும் இதை அவருக்குச் சொல்லியிருக்காது.

எஃப் சிப்பாய்க்கு வலப்புறம் இரண்டு நெடுவரிசைகள்தான், இடப்புறம் ஐந்து. கறுப்பு யானை பக்கவாட்டில் செக் கொடுத்துத் தப்பிக்க வேண்டுமானால் அதற்குத் தொலைவு வேண்டும், தொலைவு இடப்புறத்தில்தான் இருக்கிறது. ராஜா அங்கே போய் நின்றால் தன் யானையின் வழியைத் தானே மறிக்கிறது. எச் வரிசையிலிருந்து செக் கொடுக்கலாம் என்றால், வெள்ளை ராஜா எட்டிப் பிடிக்கும் தூரத்தில் யானை நிற்கிறது. ஆகவே ஜி8தான். வெள்ளை ஏ8இல் செக் கொடுத்தால் ராஜா எச்7க்கு. வெள்ளை யானை எஃப்8க்கு வந்தால் கறுப்பு யானை ஏ1க்கு. டிரா.

இனி தலைப்பில் சொன்ன பூஜ்யத்துக்கு, அதாவது நிலை சமம் என்று என்ஜின் தரும் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். "0.00 காட்டியது, டிரா நிலைதானே சார்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மேலே சொன்ன நிலையிலும் அது 0.00தான். இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் டிரா என்பது மட்டுமே அதன் பொருள். எந்த நகர்த்தலை ஆடினாலும் டிராவாகும் நிலைக்கும், ஒற்றை நகர்த்தலில் உயிர் தொங்கும் நிலைக்கும் திரையில் ஒரே எண்தான் வரும். ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கெல்லாம் கணினி விடை கண்டு வைத்திருக்கிறது. அந்த விடை உங்கள் தலையில் இல்லை, கடிகாரத்தில் முப்பது விநாடி மிச்சமிருக்கும்போது கைகொடுக்கவும் வராது. யானை எண்ட்கேம் எல்லாமே டிரா என்ற பழைய பேச்சையும் விட்டுவிடுங்கள். அதை நம்பித்தான் கவனத்தைக் கழற்றி வைக்கிறார்கள்.

யாரிடம் எத்தனை சிப்பாய் என்ற கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். 1924 நியூயார்க் போட்டியில் தர்தகோவருக்கு எதிராக அப்போதைய உலக சாம்பியன் கபபிளாங்கா இரண்டு சிப்பாய்களைக் கொடுத்தார், இரண்டும் செக்குடன் போயின. பதிலுக்குத் தன் ராஜாவை எஃப்6 வரை நடத்திச் சென்று ஆட்டத்தையும் வென்றார். அந்த ஆட்டத்தை ஒருமுறையாவது கையால் காய் நகர்த்திப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்த அன்று என்ஜினைத் தொடாதீர்கள். தாளை எடுத்து, ஒவ்வொரு நகர்த்தலின் அருகிலும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். நினைவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். யோசிக்காமல் ஆடிய இடம் அதுதான். பிறகு பின்னோக்கிப் போங்கள். உங்கள் யானை எந்த நகர்த்தலில் சிப்பாய்க்குக் காவலாளியாகிச் சுருண்டது? மற்ற காய்களை வெட்டி இந்த எண்ட்கேமுக்குள் நுழைந்தது யார் முடிவு? என் அனுபவத்தில் 61ஆவது நகர்த்தலின் வேர் பெரும்பாலும் முப்பதுகளில் கிடக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகு என்ஜின், அதுவும் நீங்கள் எழுதியதைச் சரிபார்க்க மட்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அரங்கைவிட்டு வெளியே வந்ததும் கைப்பேசியில் ஆட்டத்தை ஏற்றி "இங்கேதான் கோட்டை விட்டாய்" என்று காட்டாதீர்கள். என்ன நினைத்து ஆடினாய் என்று கேளுங்கள், சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அந்த மாணவரிடம் இப்போது கறுப்புக் காய்களைக் கொடுத்து அதே நிலையை என்னுடன் ஆட வைத்திருக்கிறேன். மூன்றாவது தடவையில் ஜி8க்குப் போனார்; ஏன் என்று கேட்டேன், விரலால் ஏ வரிசையைக் காட்டினார்.