மெத்தென்ற ஷூவுக்குள் கால் என்ன செய்கிறது?

ஓடுவதற்கு ஷூ வாங்கப் போனால் நம்மில் பலர் முதலில் செய்வது, அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதுதான். விரல் உள்ளே புதைந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. தரையின் அடியை இது வாங்கிக்கொள்ளும், முழங்கால் தப்பித்தது என்று எடுத்துக்கொள்கிறோம். மாரத்தானுக்குத் தயாராகி, வாராவாரம் ஒரே ஓட்டமாக 25, 30 கிலோமீட்டர் ஓட வேண்டியவர்களுக்கு இந்த நிம்மதி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. குதிகாலுக்குக் கீழே 40 மில்லிமீட்டர் வரை ஃபோம் வைத்த ஷூக்கள் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். அவை உதவுகின்றனவா? பெரும்பாலானவர்களுக்கு உதவுகின்றன என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அந்த உதவி வரும் வழியைக் கட்டைவிரலால் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் காலைப் பார்ப்போம். ஓடும்போது ஒரு பாதம் தரையில் இருப்பது சுமார் 0.25 விநாடி. அதற்குள் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை அந்த ஒற்றைக் காலில் ஏறி இறங்கிவிடும். 70 கிலோ ஆளுக்கு 175 கிலோ. ஒரு முழு மாரத்தானில் இப்படிச் சுமார் 40,000 அடிகள். இதைத் தாங்குவதற்காக இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் சற்றே மடங்குகின்றன, தசைநாண்கள் இழுபடுகின்றன, பிறகு எல்லாம் நிமிர்ந்து உடலை மேலே தள்ளுகின்றன. இயக்கவியல் ஆராய்ச்சியாளர்கள் முழுக் காலையும் ஒரே ஒரு ஸ்பிரிங்காக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அவ்வளவு எளிய கணக்கு ஓட்டத்துக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துவது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த ஸ்பிரிங்கின் விறைப்பு மாறிக்கொண்டே இருக்கும். 1990களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃபெரிஸ், கிளேர் ஃபார்லி என்ற ஆய்வாளர்கள் வெவ்வேறு மென்மை கொண்ட தளங்களில் ஆட்களை ஓடவிட்டு அளந்தார்கள். தரை மென்மையாக ஆக ஆகக் கால் விறைப்பாகிறது. தரை கடினமானால் கால் இளகிக்கொடுக்கிறது. தரையும் காலும் சேர்ந்த மொத்த விறைப்பு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. இடுப்பு மேலும் கீழும் போய்வரும் பாதையும் அப்படியே இருக்கிறது. 1999-இல் வெளியான தொடர் ஆய்வு இன்னும் சுவையானது. ஓடுபாதையின் ஒரு பாதி மென்மை, மறுபாதி கடினம். புதிய தளத்தில் வைத்த முதல் அடியிலேயே கால் தன்னை முழுதாக மாற்றிக்கொண்டிருந்தது. பழகிக்கொள்ள இரண்டாவது அடிகூடத் தேவைப்படவில்லை.

சரி, இப்போது தடித்த ஷூவுக்கு வருவோம். அது நாம் கூடவே எடுத்துப்போகும் மென்மையான தரை. அப்படியென்றால் அதன் மேல் ஓடும் காலும் விறைக்க வேண்டும் அல்லவா? விறைக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த ஜூஹா-பெக்கா குல்மலாவும் சக ஆய்வாளர்களும் 2018-இல் தடித்த அடிக்குப் பெயர்போன ஹோகா நிறுவனத்தின் ஒரு ஷூவையும் வழக்கமான தடிமன் கொண்ட ஷூவையும் ஒப்பிட்டார்கள். தடித்த ஷூவில் கால் குறைவாக மடங்கியது. அது மட்டுமல்ல, மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில், பாதம் தரையைத் தொட்டவுடன் வரும் முதல் மோதலின் உச்சம் 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அதிக குஷன், அதிக மோதல். தடித்த ஷூவே ஆபத்து என்று பலர் முடிவுகட்ட இந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

நான் அந்த முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் போகமாட்டேன். காரணம், அந்த ‘மோதல் உச்சம்’ என்ற எண்ணுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, பாதமும் கீழ்க்காலும் தரையில் பட்டுச் சட்டென்று நிற்பது; சில மில்லி விநாடிகளில் வந்துபோகும் கூர்மையான விசை. இன்னொன்று, மீதி உடலின் பாரம் மெதுவாக அந்தக் காலின் மேல் ஏறுவது. கருவி அளப்பது இரண்டின் கூட்டுத்தொகையை. மென்மையான ஃபோம் முதல் விசையைக் குறைக்கிறது, கூடவே தாமதப்படுத்துகிறது. தாமதமாக வரும்போது உடல் பாரம் ஏற்கெனவே பாதி ஏறியிருக்கும். குட்டையான ஆள் மேல்படியில் ஏறி நின்றால் உயரமாகத் தெரிவதுபோல, குறைந்த மோதல் கூடுதல் பாரத்தின் மேல் உட்கார்ந்து பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஓட்ட ஷூக்களை ஆராயும் மார்ட்டின் ஷார்ட்டன் 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் இதை விளக்கி, குஷனின் பலனை அளக்க இந்த உச்சம் ஏற்ற அளவே இல்லை என்று வாதிட்டார். எனக்கு அந்த வாதம் சரியாகவே படுகிறது.

சோதனைக்கூடத்து எண்கள் இருக்கட்டும், காயம் என்ன ஆகிறது? லக்சம்பர்கில் லோரான் மாலிசூவின் குழு 848 சாதாரண ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தது. வெளியே பார்க்க ஒரே மாதிரியான ஷூக்கள். ஒரு குழுவுக்கு ஃபோம் மென்மை, மற்றதற்குக் கடினம். எது யாருக்கு என்று ஓடுகிறவர்களுக்கும் தெரியாது. ஆறு மாதம் கவனித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கடின ஃபோம் குழுவில் காயத்துக்கான வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. அதே ஓட்டக்காரர்களின் அடிகளை அளந்து பார்த்தபோது, மோதல் உச்சம் அதிகமாக இருந்தது மென்மையான ஷூ அணிந்தவர்களிடம். உச்சம் அதிகம், காயம் குறைவு. அந்த எண்ணுக்கும் காயத்துக்கும் நாம் நினைத்த நேரடி உறவு இல்லை.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மென்மையால் தெளிவான பலன் கிடைத்தது எடை குறைவானவர்களுக்கு. எடை கூடியவர்களிடம் அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. ‘கனமான ஆளுக்குத் தடித்த குஷன்’ என்று கடைகளில் சொல்லும் அறிவுரைக்கு இது நேர் எதிர். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவை வழக்கமான தடிமன் கொண்ட ஷூக்கள். இன்றைய மலை போன்ற ஃபோமுக்கு இந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது.

அடுத்தது எலும்பு. நீண்ட ஓட்டக்காரர்கள் பயப்படுவது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வரும் நுண்விரிசலுக்கு. அந்த எலும்பை அழுத்துவது தரையின் மோதல் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2019-இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எலும்பின் மேல் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது பாதம் தரையில் படும் கணத்தில் அல்ல, உடல் பாதத்துக்கு மேலே கடந்துபோகும் நடுப்பகுதியில். அந்த அழுத்தத்தில் பெரும்பங்கைத் தருவது கெண்டைக்கால் தசை. உடலை முன்னே தள்ள அது சுருங்கும்போது எலும்பை நீளவாக்கில் நெரிக்கிறது. காலடியில் எவ்வளவு ஃபோம் வைத்தாலும் இந்த நெரிப்பை அது பெரிதாகத் தடுக்காது. வாராந்திரத் தூரத்தைத் திடீரென்று கூட்டியவரின் எலும்பைத் தடித்த ஷூ காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் ஃபோம் எதைக் காப்பாற்றுகிறது? தசையை. என் பார்வையில் விஷயத்தின் மையம் இதுதான்.

கால் மடங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள வேண்டியிருக்கிறது. தசை இழைகளை அதிகம் சேதப்படுத்தும் வேலை இது. மலைச்சரிவில் இறங்கி ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டில் கால் வைக்க முடியாமல் போவது இதனால்தான். ஃபோம் அமுங்கிக் கொடுத்தால் கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. அதே விறைப்பு, இப்போது நமக்கு லாபமாகிறது. ஹோகா பிறந்த இடமும் இதற்குப் பொருத்தமானது. 2009-இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள அன்னசி நகரில், நிக்கோலா மெர்மூ, ழான் லுக் டியார் என்ற இரண்டு மலை விளையாட்டுக்காரர்கள், சரிவுகளில் வேகமாக இறங்கி ஓடத்தான் அந்தத் தடித்த ஷூவை உருவாக்கினார்கள். அதே காலத்தில் உலகம் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது: வெறுங்கால் ஓட்டமும், விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூக்களும்தான் அப்போது அலை.

சக்திக் கணக்கிலும் லாபம் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராஜர் கிராமின் குழு, டிரெட்மில் பட்டையின் மேல் ஃபோம் துண்டுகளை ஒட்டி, வெறுங்காலில் ஆட்களை ஓடவிட்டது. 10 மில்லிமீட்டர் ஃபோமில் ஓட, கடினப் பட்டையில் ஓடுவதைவிடச் சற்றுக் குறைவான சக்தி போதுமானதாக இருந்தது. ஆனால் ஷூவில் ஃபோமைக் கூட்டினால் எடையும் கூடும். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் ஏறினால் ஓட்டத்தின் சக்திச் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் ஏறுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கிக்கொள்வதாகிவிடும். எடை கூடாமல் எப்படித் தடிப்பாக்குவது என்பதுதான் வடிவமைப்பாளர்களின் நெடுநாள் தலைவலி.

அதைத் தீர்த்தது வேதியியல். 1970களின் நடுவிலிருந்து ஷூக்களில் ஈவிஏ என்ற பிளாஸ்டிக்கின் ஃபோம் ஆட்சி செய்தது. 2013-இல் அடிடாஸின் பூஸ்ட் என்ற புதிய ஃபோம் வந்தது. 2017-இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை என்ற ஷூவில் பெபா என்ற பிளாஸ்டிக்கின் ஃபோம் வந்தபோது எல்லாம் மாறியது. மிக இலேசானது, ஒரு சோதனையில் அமுங்கிய பிறகு தான் வாங்கிய ஆற்றலில் 87 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. அதே சோதனையில் பூஸ்ட் ஷூ திருப்பித் தந்தது சுமார் 76 சதவீதம், ஈவிஏ ஷூ சுமார் 66. வேப்பர்ஃபிளையோடு ஓடியவர்களின் சக்திச் செலவு மற்ற இரண்டைவிடச் சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. எந்த ஃபோமும் தானாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. ஓடுகிறவர் போட்டதில் எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் வித்தியாசம்.

போட்டி நிர்வாகம் பிறகுதான் விழித்துக்கொண்டது. 2020-இல் உலகத் தடகள அமைப்பு, சாலைப் போட்டிகளுக்கு 40 மில்லிமீட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. 2021-இல் வியன்னா மாரத்தானில் முதலில் வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிசா, 50 மில்லிமீட்டர் அடி கொண்ட ஷூ அணிந்திருந்ததால் வெற்றியை இழந்தார்.

தடித்த அடி எளிதில் வளையாது. அதனால் முன்பக்கத்தை மேல்நோக்கி வளைத்து, பாதம் உருண்டு போகும்படி செய்கிறார்கள். இந்த வளைவால் கணுக்காலின் வேலை குறைகிறது. குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய தசைநாணில் வலி உள்ளவர்களுக்கு அதன் மேல் விழும் இழுவை குறைவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் குறைந்த வேலை காற்றில் கரைந்துவிடுவதில்லை, ஒரு பங்கு முழங்காலுக்குப் போகிறது. மெல்லிய ஷூவிலிருந்து ஒரே நாளில் தடித்ததற்கு மாறியவர்களுக்குப் புதிய இடத்தில் வலி கிளம்பினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த இடமாற்றத்தைத்தான். உயரத்தில் நிற்பதால் குண்டும் குழியுமான சாலையில் கணுக்கால் புரளும் வாய்ப்பும் கூடலாம். அந்தச் சாலைகளில் நான் அகலமான அடியுள்ள ஷூவையே சொல்வேன்.

அப்புறம், ஃபோம் கிழடாகும். அதற்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் ஓட ஓட நெளிந்து உடைகின்றன. ஈவிஏ ஷூக்களைச் சோதித்த ஓர் ஆய்வில், 500 கிலோமீட்டருக்குப் பிறகு குதிகாலில் விழும் அழுத்தம் இரு மடங்காகியிருந்தது. மேல்துணி புதிதுபோல இருந்தாலும் உள்ளே கதை முடிந்திருக்கலாம். வெயிலும் சேர்ந்துகொள்ளும்: சூட்டில் ஃபோம் இளகும், குளிரில் இறுகும். பூட்டிய காருக்குள் மதிய வெயிலில் ஷூவைப் போட்டுவைப்பது நல்ல பழக்கமில்லை.

லக்சம்பர்க் குழுவின் வேறொரு ஆய்வும் பயிற்சிக்குப் பயன்படும். 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயத்தின் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு ஷூவும் பாரத்தைக் காலின் வெவ்வேறு இடத்தில் ஏற்றுகிறது; தினமும் ஒரே இடம் அடிவாங்குவதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். இரண்டு ஜோடி வாங்க முடிந்தவர்கள், நீண்ட ஓட்டத்துக்கும் அதற்கு மறுநாள் வரும் மெதுவான ஓட்டத்துக்கும் தடித்ததை வைத்துக்கொள்ளலாம். தசை அதிகம் களைத்திருக்கும் நாட்கள் அவை. குறுகிய வேக ஓட்டங்களுக்கு மெல்லியது போதும். தடித்ததற்குப் புதிதாக மாறுகிறவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் அதை வாரத்தில் ஒரு குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் அணிந்து பார்த்துவிட்டு, பிறகு 30 கிலோமீட்டருக்கு எடுத்துப் போகட்டும்.