தனியா இருக்கேன் என்றால், எந்தத் தனிமை?

கூடலூரில் (நீலகிரி இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர்) கிளினிக் வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி, அதாவது கேரளா. வருகிறவர்களில் பாதிப் பேர் மேலே ஏலக்காய்த் தோட்டத்திலோ, வண்டிப்பெரியாறு பக்கம் டீ எஸ்டேட்டிலோ வேலை பார்ப்பவர்கள், அல்லது பார்த்து ஓய்ந்தவர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் மகன் ஒருவர் தன் அப்பாவைக் கூட்டி வந்தார். ஏலத்தோட்டத்தில் வாட்ச்மேன், எழுபதை நெருங்கும் வயது. மனைவி போன பிறகு தோட்டத்துக் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். "தனியாவே கெடக்கார் டாக்டர், கூப்பிட்டா வரமாட்டேங்கிறார், டிப்ரெஷன்னு நினைக்கிறேன்" என்றார் மகன். நான் படித்த பாடமும் அப்படித்தான்: கேஸ் ஷீட்டில் 'தனியாக வசிக்கிறார்' என்று எழுதும்போதே மனம் பாதி முடிவுக்கு வந்துவிடும். மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரியவர் தானாகவே மலை இறங்கி வந்து மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தார்.

"பகல்லயே தூக்கம் அமுக்குது. எனக்கு மனசு சரியில்லைன்னு நான் சொல்லவே இல்லையே சார், மகன்தான சொன்னான்?"

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். ஒரு நாய், ஒரு ரேடியோ. காலையில் கட்டன் சாயா. ஞாயிற்றுக்கிழமை அணைக்கரை போய்ச் சந்தை, சாயாக்கடையில் இரண்டு மணி நேரம் அரட்டை. தூக்கம், பசி, குளியல் எல்லாம் ஒழுங்கு. அந்த ஆளுக்கு வியாதியே இல்லை. தப்பு என் மேல்தான். படிப்படியாக அளவைக் குறைத்து மாத்திரையை நிறுத்தினேன்.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: சாலிட்யூட். தனியாக இருக்கிறார், ஆனால் அதில் குறை ஒன்றும் காணவில்லை என்று பொருள். லோன்லினெஸ் வேறு: ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துணை இல்லையே என்று மனம் ஏங்குவது. ஐசோலேஷன் இன்னொன்று: பேச, பழக உண்மையிலேயே ஆளே இல்லாத நிலை, தலையை எண்ணிச் சொல்லிவிடலாம். அலோன் என்பதில் உணர்ச்சியே கிடையாது, 'ஆல் ஒன்' என்ற இரண்டு சொல் ஒட்டிப் பிறந்தது. நாம் இந்த நாலையும் 'தனிமை' என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். ஸ்பானிய மொழியில் சோலெடாட் என்ற சொல்லும் நம் தனிமை போலத்தான், சாலிட்யூட், லோன்லினெஸ் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது.

சாலிட்யூடின் வேர் சோலுஸ் என்ற லத்தீன் சொல். ஜிஎஸ்டி படிவத்தில் வரும் சோல் ப்ரொப்ரைட்டர், சோலோ பாட்டு, ஒற்றைக்கல் மோதிரத்துக்கு நகைக்கடையில் சொல்லும் சாலிட்டேர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தேக்கடி ரிசார்ட்டுகள் இந்தச் சாலிட்யூடையே வாடகைக்கு விடுகின்றன. அதே வேரில் வந்த சாலிட்டரி கன்ஃபைன்மென்ட், அதாவது தனிச்சிறை, கோர்ட் கொடுக்கும் தண்டனை. எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்குச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது: மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது, ஒரே தடவையில் 14 நாளுக்கு மேல் கூடாது. ஒரே அறை, ஒரே ஆள். ஒருவர் காசு கொடுத்துப் போகிறார், இன்னொருவரைப் பூட்டி வைக்கிறார்கள்.

2020-இல், கொரோனா காலத்தில், நாம் 'தனிமை' என்ற சொல்லை இன்னும் கெடுத்தோம். நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது ஐசோலேஷன், தொற்று இருக்குமோ என்று சந்தேகப்படுபவரைக் காத்திருக்க வைப்பது குவாரன்டைன். இரண்டுக்கும் 'தனிமைப்படுத்துதல்' என்றே வைத்து வீட்டு வாசலில் ஒட்டினோம். குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி வந்த தோட்டத் தொழிலாளிகள் பலருக்கு இன்றைக்கும் தனிமை என்றால் அந்த ஸ்டிக்கர் ஞாபகம்தான்.

சரி, எனக்குக் கவலை தரும் கேஸுக்கு வருகிறேன். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டையர் ஆன ஒரு அம்மா. லயத்து வீட்டை (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) காலி செய்துவிட்டுக் கீழே மகன் வீட்டுக்கு வந்தார். வீட்டில் எட்டுப் பேர். நெஞ்சை அடைக்கிறது, ராத்திரி தூக்கமில்லை என்பார். ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒரு தடவை வந்தால் போதும், அவரோ வாரத்துக்கு இரண்டு தடவை வருவார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, டோக்கன் கொடுக்கும் பெண். "சார், அவங்க ஒன்பது மணிக்கே வந்து மூணாம் நம்பர் வாங்குறாங்க. அப்புறம் பின்னால வர்றவங்களுக்கு மாத்திக் கொடுத்துட்டே இருக்காங்க. ஒரு மணிக்குத்தான் உள்ள வர்றாங்க." நான்கு மணி நேரமும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு. லயத்தில் சுவருக்குச் சுவர் குரல் கொடுத்து வாழ்ந்தவர். இங்கே பேரப்பிள்ளைகள் அவருடைய மலையாளம் கலந்த பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், மருமகள் பாவம், வேலைக்குப் போய்விடுகிறாள். "எட்டுப் பேர் இருக்காங்க டாக்டர், ஆனா ஒத்தையில உக்காந்திருக்கேன்" என்றார். மலையாளி நோயாளிகள் "ஒற்றப்பெட்டு போயி டாக்டரே" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே கைவிடப்பட்ட வலி தெரிந்துவிடும். நம் 'தனியா' என்பதில் தெரிவதில்லை, கேட்டால்தான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் இந்த லோன்லினெஸ் வகைத் தனிமையில் தவிப்பதாகச் சொல்கிறது. பிரிட்டன் 2018-லேயே இதற்கென ஓர் அமைச்சரை நியமித்தது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், தனியாக இருக்கிறார்களா என்று பார்ப்பதோடு விட வேண்டாம். கடைசியாக யாரிடம் பத்து நிமிடம் பேசினார்கள் என்று கேளுங்கள். தனியாகவே சந்தோஷமாக இருந்தவர் திடீரென்று ரேடியோ போடாமல், குளிக்காமல், சாயாக்கடைக்குப் போகாமல் இருந்தால் அப்போது கூட்டி வாருங்கள். காதையும் சோதியுங்கள்: காது கேட்காமல் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்களை 'ஒதுங்கிட்டார்' என்று நினைத்துவிடுகிறோம். மனம் ரொம்பவும் கனத்தால் 14416, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு நான் புது மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஏலக்காய் ரகம் பிரிக்கும் இடத்துக்கு மதியம் வரை போகட்டும் என்றேன். மகன் கௌரவம் பார்த்தார், இரண்டு வாரம் இழுத்தது. போன மாதம் அந்த அம்மா பிரஷர் பார்க்க வந்தார், அதே மூன்றாம் நம்பர் டோக்கன். நான் கொஞ்சம் தாமதமாக வந்ததற்கு டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "சீக்கிரம் விடச் சொல்லும்மா, அங்க காய் பொறுக்க எல்லாரும் உக்காந்திருப்பாங்க."