குழாய்க்குப் பணம் ஒதுக்கினோம், கண்காணிக்க?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரைப்பதி பக்கம் கேரளத்தின் மற்ற ஊர்களை விட மழை குறைவு. சித்தூர் தாலுகாவுக்கு ஆழியாற்றுத் தண்ணீர், கேரளமும் தமிழ்நாடும் செய்துகொண்ட 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று அளந்துதான் வருகிறது. இரண்டு மாநிலங்களும் அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அதே தாலுகாவில் ஒரு குடிநீர்த் திட்டத்தின் டேங்கிலிருந்து நேற்று எத்தனை லிட்டர் இறங்கியது, கடைமடை வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

காரணம் அக்கறையின்மை அல்ல. எஸ்டிமேட்டை எடுத்துப் பாருங்கள். போர்வெல், மோட்டார், டேங்க், குழாய், பள்ளம் தோண்டி மூடுவது வரை எல்லாம் இருக்கும். மீட்டரைப் படிப்பவருக்குச் சம்பளம் இருக்காது. சில இடங்களில் மீட்டரே இருக்காது.

அந்த வேலையும் கடைசியில் பம்ப் ஆபரேட்டர் தலையில்தான் விழுகிறது. வால்வு திறப்பது, உடைப்பு அடைப்பது, மாதப் பணம் வசூலிப்பது எல்லாம் அவர்தான். கூடவே ஒரு ரிஜிஸ்டரையும் கொடுத்துவிடுகிறோம். நான் பார்த்த ஒரு ரிஜிஸ்டரில் முப்பது நாளும் பம்ப் ஆறு மணி நேரம் ஓடியதாக ஒரே பேனாவில் எழுதியிருந்தது. நடுவில் நாலு நாள் கரண்டே இல்லை என்று தெருவே சொன்னது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூலி இல்லாத வேலை அப்படித்தான் நடக்கும்.

தண்ணீரின் தரச் சோதனையும் இதே கதைதான். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைக் கிட்டைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கிட்டில் உள்ள மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அது தீர்ந்த பிறகு யார் வாங்கித் தருவது? ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் கிழக்குப் பகுதியில் ஆழமான போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமல் குடிப்பது ஆபத்து. கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

மேட்டுத் தெருவில் ஒரு அம்மா சொன்னார்: "தண்ணி வருதுங்க சார். ரெண்டு கொடம் ரொம்பறதுக்குள்ள நின்னு போயிருமுங்க." அரசுக் கணக்கில் அந்த வீடு 'இணைப்பு தரப்பட்டது'. ஜல் ஜீவன் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் நாலு பேருக்கு 220 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பக்கெட் நிறைய மூன்று நிமிடம் ஆனால், அந்தக் குழாய் குறைந்தது 44 நிமிடம் ஓட வேண்டும். ஒரு பக்கெட், செல்போனில் ஒரு கடிகாரம், போய் நின்று பார்க்க ஒருவர். அந்த ஒருவருடைய நாள்கூலிதான் எஸ்டிமேட்டில் இல்லாமல் போகிறது.

பணத்துக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஜல் ஜீவன் நிதியில் தரச் சோதனைக்கு 2 சதவீதம் வரையும் துணைப் பணிகளுக்கு 5 சதவீதம் வரையும் செலவிட விதி இடம் கொடுத்தது. 2021–26 காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்டது. அப்புறம் என்ன தடை? கண்காணிப்பு என்பது வேலை முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவது என்ற பழக்கம்தான். பஞ்சாயத்தில் திட்டம் போடும் செயற்குழுக் கூட்டத்திலேயே மீட்டர், மருந்து, மதிப்பூதியம், போர்வெல் நீர்மட்டம் பார்க்கும் டேப் எல்லாம் தனித்தனி வரியாக, அதுவும் ஐந்து வருடத்துக்கு, எழுதப்பட வேண்டும். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டது எதுவும் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

திட்டம் ஒழுங்காக ஓடுகிறதா என்று எப்போது போய்ப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மழை பெய்யும் அக்டோபரில் பார்த்தால் எல்லாத் திட்டமும் பாஸாகிவிடும். ஏப்ரல் கோடையில், கடைமடையிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று. படிவங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் மட்டும் வருகின்றன. இங்கே அதை நிரப்ப வேண்டிய குடும்பஸ்ரீ (கேரள மகளிர் சுயஉதவிக் குழு) அக்காமார்களில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். இரண்டு மொழியிலும் அச்சடிக்கும் செலவையும் அதே எஸ்டிமேட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் கணக்கைத் தமிழிலேயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.