‘தொற்றாது, பயப்படாதே’ என்பதோடு பாடம் முடிந்துவிடுமா?

தொழுநோய் பற்றி ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகளின் அழைப்பிதழில் ‘மனித உரிமை’ என்ற சொல் தவறாமல் இருக்கும். அரங்குக்குள் போனால் அது காணாமல் போயிருக்கும். கிருமி, தேமல், மாத்திரை அட்டை, கைதட்டல் என்று ஒரு சிறிய மருத்துவ வகுப்பு நடந்து முடியும். தொழுநோய்ப் பணியில் இருந்துகொண்டு இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆசிரியருக்கு மருத்துவச் செய்தி கொஞ்சம் போதும்.

அந்தக் கொஞ்சம் இதுதான். 1873-இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்த பாக்டீரியாவே காரணம். சாபமும் இல்லை, பரம்பரையும் இல்லை. ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிருமி அது. அதனால்தான் தொற்றுக்கும் முதல் அறிகுறிக்கும் இடையே சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகின்றன. மிகப் பெரும்பான்மையான மனிதர்களுக்கு இயல்பாகவே எதிர்ப்பாற்றல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை, நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் குணப்படுத்துகிறது. மருந்து இலவசம்.

நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர்கள் இங்கே ஒரு படி தாண்டிவிடுகிறார்கள். “தொழுநோய் தொற்றவே தொற்றாது” என்று கரும்பலகையில் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. சிகிச்சை பெறாத ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகினால், மூக்கு, வாய் வழியே வெளிப்படும் நுண்துளிகளால் பரவக்கூடும். சிகிச்சை தொடங்கியதும் அந்த வாய்ப்பு விரைவிலேயே அற்றுப்போகிறது. இதை வேறெங்கோ படித்துவிட்டு வரும் எட்டாம் வகுப்பு மாணவி, ஆசிரியர் சொன்ன மற்றவற்றையும் சேர்த்தே சந்தேகிப்பாள்.

‘தொற்றாது, ஆகவே ஒதுக்காதே’ என்ற வாதத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தொற்றினால் ஒதுக்கலாமா? பள்ளியும் வேலையும் வீடும் திருமணமும் ஒருவர் உடலில் கிருமி உண்டா இல்லையா என்று பார்த்துக் கொடுக்கப்படுபவையா? இந்தக் கேள்வியை ஆசிரியர்கள் முன் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். முதலில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு வாக்குவாதம் தொடங்கும். உண்மையில் பயிற்சி தொடங்குவது அப்போதுதான்.

மருந்து வந்தால் உரிமையும் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்புவதற்கு வரலாறு இடம் தரவில்லை. ஜப்பானில் 1940-களின் இறுதியிலேயே பலன் தரும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டமோ 1996 வரை நீடித்தது. இந்தியாவில் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாகத் தொழுநோயைச் சேர்த்திருந்த சட்டப் பிரிவுகள் 2019-இல்தான் திருத்தப்பட்டன.

ஆசிரியர்களிடம் நான் விரிவாகச் சொல்வது ஜப்பானின் குமமோட்டோவில் நடந்ததை. அங்குள்ள தொழுநோய்க் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களின் பிள்ளைகள், நோய் தொற்றாத குழந்தைகளுக்கென்று இருந்த தனி விடுதியில் வளர்ந்தார்கள். 1954-இல் அவர்களில் சிலர் வட்டாரத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேரவிருந்தபோது, மற்ற பெற்றோரில் ஒரு பகுதியினர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்துப் போராடினார்கள். கடைசியில் விடுதி மூடப்பட்டது. பிள்ளைகள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறினார்கள். “நீங்கள் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். வாசலில் பெற்றோர் நிற்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?” என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள் மருத்துவச் சான்றிதழைத் தேடுவார்கள். மற்ற பிள்ளைகளில் யாரிடமாவது சான்றிதழ் கேட்டீர்களா என்பது என் அடுத்த கேள்வி.

தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா.வில் 2010-இல் கோட்பாடுகளும் வழிகாட்டு நெறிகளும் உருவாயின. பாதிக்கப்பட்டவரை மட்டுமல்லாமல் அவர் குடும்பத்தையும் அவை பாதுகாக்கின்றன. தொழுநோயைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதும் வெளியேற்றுவதும் கூடாது என்கின்றன. குமமோட்டோ கதைக்குப் பிறகு இதை வாசித்தால் யாரும் கொட்டாவி விடுவதில்லை.

வகுப்பறையில் நடப்பது இன்னும் நுணுக்கமானது. சிகிச்சையில் இருக்கும் குழந்தை பள்ளிக்கு வரலாம், எல்லோருடனும் உட்காரலாம், விளையாடலாம். ஆனால் கூட்டு மருந்தில் ஒன்றான குளோஃபசிமினால் தோல் கறுத்துப்போகும். இன்னொன்றான ரிஃபாம்பிசினைச் சாப்பிடும் நாளில் சிறுநீர் சிவக்கும். கேலி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தால் அதை முளையிலேயே தடுத்துவிடலாம். சிகிச்சைக்கு நடுவில் திடீரென நரம்பு வலி, வீக்கம் வந்தால், மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அது உடலின் எதிர்வினை. நரம்பு கெடாமல் காக்க உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு மாணவனின் கையில் சந்தேகமான தேமலைக் கண்டால், அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்று வகுப்பின் நடுவே ஊசியால் குத்திப் பார்க்கும் ‘சோதனை’ வேண்டவே வேண்டாம். பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். தேமல்களில் பெரும்பாலானவை தொழுநோயே அல்ல.

படங்களைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. விரல் மடங்கிய கையின் படத்தைப் பெரிதாகக் காட்டி விழிப்புணர்வு ஊட்டுவதை நான் ஏற்பதில்லை. பார்த்த குழந்தைக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான். நோயிலிருந்து மீண்டவரைப் பள்ளிக்கு அழைப்பது நல்லது. ஆனால் அவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதற்காக அழைக்கக் கூடாது. எதைப் பேசுவது, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். தன் தொழிலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன் என்றால், அதுவும் முழுமையான பாடம்தான்.

பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரத்தில் ஆசிரியர்களுக்கு எழுத்து வேலை கொடுப்பேன். உங்கள் மாணவர் ஒருவருக்குத் தொழுநோய் உறுதியானால், பள்ளியில் யார் யாருக்குத் தெரிய வேண்டும்? தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், எழுத்தர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘எதற்காக?’ என்று எழுதச் சொல்வேன். பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபடும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அவர்களிடம் சொல்வதற்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும், விவரம் புரியும் வயதென்றால் அந்த மாணவரின் சம்மதமும் வேண்டும்.